ஒன்று சேர்த்தவர்

தொற்றுநோய் நிபுணர்களுக்கென்று ஒரு சங்கம் தொடங்க மூத்த டாக்டர் படாத பாடு பட்டார். எப்போது கூட்டினாலும் அவிழ்ந்த நெல்லிக்காய் மூட்டைதான். போன வாரம் வீட்டில் விருந்து வைத்தார். எல்லோரும் வந்தார்கள், சாப்பிட்டார்கள், கை கழுவிய ஈரம் காய்வதற்குள் ஓடிவிட்டார்கள்.

இன்றோ பன்னிரண்டு பேரும் ஒரே அறையில். ஒருவர்கூடக் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

"அப்ப சங்கம் ஆரம்பிச்சாச்சு. தலைவரா யாரைப் போடலாம்?" என்று கேட்டுவிட்டு, மூத்தவர் தன் பெயருக்காகக் காத்திருந்தார்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு? நம்மளை ஒண்ணு சேர்த்தவர் அவர்தானே!" என்று ஜன்னலோரத்து டாக்டரைக் காட்டினார் ஒருவர். கைதட்டல் அறையை நிறைத்தது.

மூத்தவரின் முகம் சுண்டிப்போயிற்று. "அவரா? ஒரு துரும்பைக்கூடக் கிள்ளிப் போடலையே!"

கதவு திறந்தது. தலைமுதல் கால்வரை கவச உடை அணிந்த நர்ஸ் உள்ளே வந்தார்.

"கைதட்டினது போதும் டாக்டர். எல்லாரும் அவங்கவங்க கட்டில்ல படுங்க, காய்ச்சல் பார்க்கணும். ஆமா, அந்த விருந்துல முதல்ல இருமினது யாருன்னு மேலிடத்துல கேக்குறாங்க."

எல்லா விரல்களும் ஜன்னலோரக் கட்டிலை நோக்கி நீண்டன. இந்த முறை மூத்தவரின் விரல்தான் முதலில் நீண்டது.