திரைக்குப் பின்னால் ஓஸ்வால்தோ

"வண்டி மூக்கை ரோட்டைப் பார்த்து நிறுத்தியிருக்கீங்க. ஆபத்துன்னா ஒரே மிதி, பறந்துடலாம். விவரமான ஆள்தான் அக்கா நீங்க!"

குரல் கேட்டு எல்வீரா திரும்பினாள். மேட்டிலிருந்து இறங்கி வந்த நிக்கனோர், தொப்பியைக் கழற்றிக் கையில் இறுக்கிப் பிடித்தபடி நின்றான். படகோனியாக் காற்றில் தொப்பியைத் தலையை நம்பி விடுகிறவன் வெளியூர்க்காரன்.

"நான் என்ன விவரம் தம்பி! எல்லாம் எங்க வீட்டுக்காரர் ஏற்பாடு. ஓஸ்வால்தோ! யாரோ வந்திருக்காங்க பாருங்க!"

வண்டிக்குள் தொங்கிய திரையிடமிருந்து பதில் வரவில்லை.

"இடுப்புப் பிடிப்பு. படுத்த படுக்கை," என்றாள்.

ஒரு காலத்தில் ரொட்டி விநியோகித்த வேன் அது. இப்போது கட்டில், அடுப்பு, அலமாரி என்று குடித்தனமே உள்ளே ஏறியிருந்தது. படியருகே படகு மாதிரி ஒரு ஜோடி பூட்ஸ். பக்கத்தில் அண்டா சைசில் ஒரு நாய்க் கிண்ணம்.

நிக்கனோருக்கு இந்த மாதிரி வண்டிகள் அத்துப்படி. எது உறுதியான பூட்டு, எது பேருக்குத் தொங்குகிற பூட்டு என்று பத்தடி தூரத்திலேயே சொல்லிவிடுவான்.

"ராத்திரி இங்கேயேதானா அக்கா?"

"வேற வழி? உயரமான வண்டி. இந்தக் காத்துல எடுத்தா பக்கவாட்டுல அடிச்சுக் கவுத்துடும். விடியறப்போ தணியுமாம், ரேடியோவில சொன்னாங்க."

"போன மாசம் இதே இடத்துல ஒரு பிரேசில் ஜோடி நிறுத்தியிருந்தாங்க. கதவை நெம்பிட்டானுங்க. மெத்தையைக்கூட விட்டு வைக்கலை."

கெட்டிலை எடுக்கப் போன எல்வீராவின் கை ஒரு கணம் நின்றது.

"வீட்டை வித்துட்டு இதுல ஏறினோம் தம்பி. இது போனா எங்களுக்குப் போக்கிடம் கிடையாது. அதான் அவர் தலைமாட்டுலயே துப்பாக்கி வெச்சிருக்கார்."

சுரைக்குடுக்கையில், அந்த ஊர்த் தேநீரான மாத்தே இலையைப் போட்டு, வெந்நீர் ஊற்றி, உறிஞ்சுகுழலோடு நீட்டினாள். நிக்கனோர் ஒரு கல்லில் உட்கார்ந்து உறிஞ்சினான். கடைசி மடக்கில் கொர்ரென்று சத்தம் வரும்வரை இழுத்துவிட்டுத்தான் திருப்பிக் கொடுத்தான். அதுதான் மரியாதை. சத்தம் வராத குடுக்கை, பந்தியில் பாதியில் எழுந்த மாதிரி.

"அண்ணனுக்கு?"

"கொடுக்காமலா?"

மறுபடி நிரப்பித் திரைக்குள் கையை நீட்டினாள். கொஞ்ச நேரத்தில் குடுக்கை காலியாகத் திரும்பி வந்தது. சத்தம் மட்டும் வரவில்லை.

நிக்கனோருக்கு விளங்கிவிட்டது. குழலைக் கொர்ரென்று இழுக்காமல் மாத்தே குடிக்கிற ஆண்பிள்ளை இந்த நாட்டில் இன்னும் பிறக்கவில்லை. உள்ளே குடித்தது புருஷன் இல்லை, வாளி.

ஆனாலும் சந்தையில் சொன்ன விலைக்கா வாங்கிவிடுகிறோம்? கொஞ்சம் தட்டிப் பார்த்தான்.

"பூட்ஸ் புதுசு போல. அடியில ஒரு கீறல் இல்லையே?"

"நேத்துதான் வாங்கினது. பழசை எவனையோ மிதிச்சே பிச்சுட்டார்."

"கிண்ணம் இருக்கு. நாயைக் காணோமே?"

"முயல் துரத்தப் போயிருக்கு. அது இங்கே இருந்து, நீங்க இத்தனை கேள்வி கேட்டிருந்தா, போகும்போது உங்க இடுப்புல பேன்ட் இருந்திருக்காது."

நிக்கனோர் வாய்விட்டுச் சிரித்துவிட்டான். சரி, கடைசி விலை கேட்டுவிடுவோம்.

"அண்ணன் சத்தமே இல்லாம குடிக்கிறாரே அக்கா. நம்ம நாட்டுக்காரர்தானா?"

எல்வீரா அசரவில்லை. "புது ஆள் முன்னாடி கூச்சம்," என்றபடி குடுக்கையை நிரப்பினாள். "இருங்க, அவருக்குத் தலையணையைச் சரி பண்ணிட்டு வந்துடறேன்."

குடுக்கையோடு திரைக்குள் நுழைந்தாள். அடுத்த கணம் உள்ளேயிருந்து கிளம்பியது ஒரு கொர்ர்ர்! அந்த வட்டாரத்து ஆடுகளெல்லாம் மேய்ச்சலை நிறுத்தித் திரும்பிப் பார்த்திருக்கும்.

"மெதுவா, ஓஸ்வால்தோ! நாக்கு வெந்துடும்!" என்று அதட்டல் வேறு.

வெளியே வந்தவளின் மோவாயில் ஒரு பச்சைத் துளி சொட்டியது. நாக்கைச் சுட்டுக்கொண்டதில் கண்ணில் நீர் கோத்திருந்தது.

எழுந்து நின்று கைதட்ட வேண்டும் போலிருந்தது நிக்கனோருக்கு. எத்தனையோ பூட்டு, சங்கிலி, அலறுகிற மணி எல்லாம் பார்த்திருக்கிறான். இந்தக் காவலை எந்தக் கடையில் விற்கிறார்கள்?

"போதும் அக்கா, நான் கிளம்பறேன்," என்று தொப்பியைத் தட்டிக்கொண்டு எழுந்தான். இரண்டடி வைத்தவன் நின்றான். "அந்தச் சின்ன ஜன்னல் கொக்கி தளர்ந்திருக்கு. உள்பக்கம் ஒரு கட்டையை முட்டுக் கொடுக்கச் சொல்லுங்க, அண்ணனை."

எல்வீரா அவனை உற்றுப் பார்த்தாள். "சொல்றேன் தம்பி."

காற்றுக்கு முதுகு வளைத்து மேடேறி, அந்தப் பக்கம் இறங்கினான் நிக்கனோர். முள்புதருக்குள் நம்பர் பலகை இல்லாத பிக்-அப் ஒன்று மறைவாக நின்றது. மடியில் கடப்பாரையோடு காத்திருந்த கூட்டாளி செல்சோ, "உள்ளே எத்தனை பேர் மச்சான்? இருட்டினதும் நெம்பிடலாமா?" என்றான்.

"கிட்டயே போகாதே. புருஷன் இருக்கான், காளை மாதிரி."

"நீ கண்ணால பார்த்தியா?"

"பார்த்தேனாவா? கையே குலுக்கினேன்டா," என்று வலது கையை உதறி, விரல்களை ஊதிக்கொண்டான் நிக்கனோர். "எலும்பு இன்னும் வலிக்குது. வண்டியை எடு!"