அந்தரத்தில் ஒரு தேன்துளி

மின்சாரம் பட்டதும் சிலிர்த்து மை துப்பும் அச்சுத்தலைக்குள் இப்போது மைக்குப் பதிலாக நீர் கலந்த வெதுவெதுப்பான தேன் இருக்கிறது. அதைப் புண்ணுக்குக் கட்டும் துணியில் அச்சடிக்க வேண்டும். துளிகள் விழும் வேகத்துக்கே விளக்கும் விட்டுவிட்டு மின்னுவதால், கேமரா காட்டும் கணினித் திரையில் ஒரே துளி அந்தரத்தில் நிற்பதுபோல் தெரிகிறது. அதன் பின்னால் ஒரு பொடித்துளி ஒட்டாமல் நிற்கிறது. இரண்டும் ஒன்றானால்தான் அச்சு பிசிறில்லாமல் விழும்; அது நடந்துவிட்டால், இந்த ஆய்வுக்கூடத்திலேயே கிடக்கும் அவள் நாளைக்கே ஊருக்குக் கிளம்பிவிடலாம். மின்னழுத்தத்தைத் துளியூண்டு குறைக்கிறாள், குறைத்தது சரிதானா என்று சந்தேகப்பட்டு மறுபடி கூட்டுகிறாள். மேசைமேல் இருக்கும் போனில் தங்கை சிரிக்கிறாள். "நீ அதையே பாத்துக்கிட்டு இரு, அக்கா. இங்க உன் மக பல்லு விழுந்து முளைச்சு கல்யாணத்துக்கே நின்னுடுவா." மகள் சித்தியிடமிருந்து போனைப் பிடுங்குகிறாள், நெற்றியும் ஒரு கண்ணும் மட்டும் தெரிகின்றன. இவள் தன் போனைக் கணினிப் பக்கம் திருப்பித் துளியைக் காட்டுகிறாள். "ஏம்மா அது விழவே மாட்டேங்குது?" என்கிறாள் மகள். "விழுந்துக்கிட்டேதான்டா இருக்கு. நமக்குத்தான் நிக்கிற மாதிரி தெரியுது." மகள் விடவில்லை. "அப்போ நீயும் வந்துக்கிட்டேதான் இருக்கியா?" "ஆமாடா," என்கிறாள் அவள். போனைத் தன் முகத்துக்கு நேராகத் திருப்பத்தான் கை வரமாட்டேன் என்கிறது.