கன்னத்தில் கை

“கண்ண மூடிக்குங்க. எங்க தொடுறேன்னு மட்டும் சொல்லுங்க,” என்ற டாக்டரம்மா, பஞ்சு சுற்றிய குச்சியால் என் வீட்டுக்காரரின் இடது கன்னத்தைத் தொட்டார்.

“கன்னம்,” என்றார் அவர். சற்றுத் தயங்கி, “கட்டைவிரலும்.”

எந்தக் கட்டைவிரல்? அச்சகத்தில் காகிதம் வெட்டும் மெஷின் இரண்டு மாதம் முன்பே இடது கையை மணிக்கட்டோடு வாங்கிவிட்டதே.

புத்தி பிசகிவிடுமோ என்று பயந்துதான் அழைத்து வந்திருந்தேன். மனுஷர் மனசு விட்டுவிட்டார் என்று நினைத்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த நாள் முதல் ஜன்னலோரம்தான். இடது கன்னத்தில் வலது கையை வைத்தபடி மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பார்.

கப்பலே கவிழ்ந்தாலும் கன்னத்தில் கை வைக்கக் கூடாது. எனக்கு அது வேதவாக்கு. போகும்போதும் வரும்போதும் கையைத் தட்டிவிடுவேன். மறுபடி வைப்பார். மறுபடி தட்டுவேன்.

குச்சி நகர்ந்தது. மேலுதட்டோரம் ஆள்காட்டி விரல். தாடையில் சுண்டுவிரல். டாக்டரம்மா ஒவ்வொரு இடத்திலும் பேனாவால் புள்ளி வைத்தார். கடைசியில் என் வீட்டுக்காரர் முகத்தில் ஒரு முழுக் கை இருந்தது.

மூளைக்குள் உடம்புக்கு ஒரு வரைபடம் உண்டாம். அதில் கைக்குப் பக்கத்து வீடு முகம். கையிடமிருந்து சேதி நின்றுபோனதும், முகம் அந்த வீட்டுக்குள்ளும் குடியேறிவிட்டது. முகத்தைத் தொட்டால் கையும் விழித்துக்கொள்கிறது. குரங்கின் மூளையிலும் இப்படித்தான் என்றார் டாக்டரம்மா.

குரங்குப் புத்தி என்று எத்தனை பேரைத் திட்டியிருக்கிறேன்! அந்தப் புத்தியைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது. ஒரு கையைத் தொலைத்துவிடாமல் கன்னத்தில் பத்திரமாக வைத்திருக்கிறதே.

“கை இருக்கான்னு அப்பப்ப தொட்டுப் பாத்துக்குவேன். சொன்னா நீ பயந்துருவியேன்னு சொல்லல,” என்றார் வீட்டுக்காரர் என்னிடம்.

அவர் கவலைப்பட்டு உட்காரவில்லை. தன் கையைத் தானே பிடித்துக்கொண்டிருந்திருக்கிறார். நான்தான் இத்தனை நாளாக அதைத் தட்டித் தட்டிப் பிரித்திருக்கிறேன். பாவி.

திரும்பும்போது பஸ்ஸில், பழையபடி அவருடைய இடது பக்கம் உட்கார்ந்தேன். விபத்துக்குப் பிறகு அந்தப் பக்கம் உட்கார்ந்ததே இல்லை. பேனாப் புள்ளிகள் அழியாத அந்தக் கன்னத்தில் என் கையை வைத்தேன்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

எதிர் சீட்டு அம்மாள் எங்களையே பார்த்துவிட்டு உச்சுக்கொட்டினாள். “என்ன கஷ்டம் வந்தாலும் கன்னத்துல மட்டும் கை வைக்காதீங்கம்மா. எடுங்க.”

எங்கள் ஸ்டாப் வரும்வரை நான் கையை எடுக்கவில்லை.

இறங்கும்போது அவர் சொன்னார், “உன் கை ஏன் இப்படி வேர்க்குது? என் இடது உள்ளங்கையே நனைஞ்சு போச்சு.”