ஒரு மாட்டுக்கு டீசலா?

"ஒரே ஒரு மாட்டை இழுத்துண்டு போக டீசல் டிரக்கா? பந்தா, வேற என்ன?" என்றார் சுந்தரராமன்.

டெக்சாஸின் கேட்டி நகரில் தமிழ்க் குடும்பங்கள் கூடிய பொங்கல் விருந்து அது. பேப்பர் தட்டோடு நின்ற பசுபதி சிரித்தார். அந்த டிரக்கை வாங்கிய கந்தசாமி நாலு அடி தள்ளி நின்றிருந்தார். அவருக்கும் அது காதில் விழுந்தது. வடையைக் கடித்தார்.

சுந்தரராமனுக்கு வயிற்றெரிச்சல் எல்லாம் இல்லை, மனத்தாங்கல். அந்த வட்டாரத்தில் கார் வாங்கினாலும் சரி, ஃப்ரிட்ஜ் வாங்கினாலும் சரி, அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் வாங்குவார்கள். கந்தசாமியும் கேட்டவர்தான். போன ஆகஸ்டில் வீட்டுக்கே வந்தார்.

"எங்க வெண்பா ஸ்கூல் புரோகிராம்ல ஒரு கிடேரி வளர்க்குறாளுங்க. மாட்டு ஷோவுக்கெல்லாம் டிரெய்லர்ல கூட்டிட்டுப் போகோணும். டிரக் கேஸ்ல வாங்கறதா, டீசல்ல வாங்கறதா? நீங்கதான் சொல்லோணும்."

அமெரிக்காவில் பெட்ரோலுக்குக் கேஸ் என்று பெயர். சுந்தரராமன் மாட்டு எடை, டிரெய்லர் எடை எல்லாம் விசாரித்தார். கண்ணை மூடி யோசித்தார். பிறகு தீர்ப்புச் சொன்னார்.

"கேஸே போதும். டீசல் விலையும் ஜாஸ்தி, சத்தமும் ஜாஸ்தி. நீங்க ஸ்டார்ட் பண்ணினா தெருவே எழுந்துக்கும். பெரிய லோடை லாங் டிஸ்டன்ஸ் இழுக்கறவாளுக்குத்தான் அது."

அத்தோடு விட்டிருக்கலாம். அவரால் முடியவில்லை.

"என்னைக் கேட்டா இந்த மாட்டு வேலையே வேண்டாம். எங்க தீக்ஷாவும் கேட்டா. சாணி அள்ளவா டெக்சாஸ் வந்தோம், போய் கால்குலஸ் போடுன்னுட்டேன்."

மாடிப்படியில் உட்கார்ந்திருந்த தீக்ஷா புத்தகத்திலிருந்து தலை தூக்கவில்லை.

ராத்திரி சாப்பிடும்போது அவளே கேட்டாள். "அப்பா, வாட் இஃப் இட்ஸ் ஃபோர் கவ்ஸ்? சான் அன்டோனியோ வரைக்கும்?"

சுந்தரராமனுக்குப் பெருமை தாங்கவில்லை. அப்பாவுக்குத் தப்பாத பெண் என்று நினைத்துக்கொண்டார்.

"நாலு மாடுன்னா டீசல்தான். கேஸ் என்ஜின் மூச்சு முட்டிடும். ஆனா கந்தசாமிகிட்ட நாலு மாடு ஏது?"

"ஜஸ்ட் ஆஸ்கிங்" என்று தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

அடுத்த வாரம் கந்தசாமி வீட்டு வாசலில் டீசல் டிரக் கடகடவென்று வந்து நின்றது. அன்றிலிருந்து எந்த வீட்டு விசேஷத்திலும் சுந்தரராமனுக்கு அதே பேச்சுத்தான். கந்தசாமி ஒரு தடவைகூடப் பதில் சொன்னதில்லை.

பொங்கல் விருந்திலும் அப்படித்தான். கிளம்பும்போது மட்டும் பக்கத்தில் வந்தார்.

"அடுத்த மாசம் ஷோ இருக்குதுங்க. நீங்க அவசியம் வரோணும்."

அத்தனை பெரிய டிரெய்லரில் ஒற்றை மாடு நிற்கும் அழகைப் பார்க்கத்தான் சுந்தரராமன் போனார். சாட்சிக்குப் பசுபதியையும் இழுத்துக்கொண்டு போனார். மனைவி ஷ்யாமளா வழக்கம்போல தீக்ஷாவை லைப்ரரிக்குக் கூட்டிக்கொண்டு முன்னமே கிளம்பிவிட்டாள்.

மைதானத்தில் டிரக் நின்றிருந்தது. கந்தசாமி டிரெய்லர் கதவைத் திறந்தார்.

முதலில் வெண்பா தன் மாட்டோடு இறங்கினாள். அடுத்தடுத்து இரண்டு அமெரிக்கப் பையன்கள், ஆளுக்கொரு மாட்டோடு.

"வீட்டுல டிரக் இல்லாத புள்ளைங்க. எடம் இருக்குது, ஏத்திக்கிட்டேன்" என்றார் கந்தசாமி.

நாலாவதாக ஒரு செவலைக் கிடேரி வந்தது. கயிற்றைப் பிடித்திருந்தவள் வெள்ளைச் சட்டை, ஜீன்ஸ், பூட்ஸ் போட்டிருந்தாள்.

"ஹாய் அப்பா."

சுந்தரராமன் வாயைத் திறப்பதற்குள் டிரக்கின் முன் கதவு திறந்து ஷ்யாமளா இறங்கினாள்.

"பேரன்ட் கையெழுத்து நான்தான் போட்டேன். லைப்ரரின்னு சொன்னதெல்லாம் இந்த மாட்டைப் பார்த்துக்கத்தான். இது வளர்க்கற மாடு, வெட்டறதுக்கில்ல. கத்தறதா இருந்தா ஆத்துக்குப் போய்க் கத்துங்கோ."

அதற்குள் மைக்கில் தீக்ஷாவின் பெயரைக் கூப்பிட்டார்கள்.

நடுவர் முன்னால் போனதும் மாடு முரண்டு பிடித்து நின்றுவிட்டது. தீக்ஷா பதறவில்லை. அதன் கழுத்தைத் தடவிக் காதோரம் குனிந்தாள்.

"வாடி அம்புலு. பயப்படாதே, நான் இருக்கேன்ல?"

அப்பா தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்கிற பெண், மாட்டோடு தமிழ் பேசிக்கொண்டிருந்தாள். மாடு நடந்தது. சுந்தரராமன் தன்னை அறியாமல் எழுந்து நின்றுவிட்டார்.

மூன்றாம் பரிசு ரிப்பன் கிடைத்தது. தொண்ணூற்றெட்டு மார்க் வாங்கினால் மீதி இரண்டு எங்கே என்று கேட்கிற மனுஷன் அவர். அன்றைக்குக் கேட்கவில்லை. கை வலிக்கத் தட்டினார்.

கந்தசாமி தயங்கித் தயங்கி வந்தார். "மன்னிச்சுக்கோங்க. அப்பாகிட்ட நானே சொல்றேன், அதுவரைக்கும் சொல்ல வேண்டாம்னு புள்ள கேட்டுக்கிச்சு."

"அதனாலதான் நான் அத்தனை கேலி பண்ணியும் வாயைத் திறக்கலையா?"

"திறந்தா புள்ள மாட்டிக்குமுங்களே."

சுந்தரராமனுக்கு நிஜமாகவே வெட்கமாக இருந்தது.

"இன்னொண்ணுங்க. கேஸ்தான் வாங்கறதா இருந்தேன். நாலு மாட்டுக்கு டீசல்தான்னு நீங்க சொன்னதா தீக்ஷா போன் பண்ணுச்சு. அதான் மாத்திட்டேன்."

பசுபதி சும்மா இருப்பாரா? "என்ன சார், கேஸே போதும்னு ஊர் பூராச் சொன்னீங்களே?"

சுந்தரராமன் மகளின் ரிப்பனை வாங்கித் தன் சட்டைப் பையில் குத்திக்கொண்டார்.

"டீசல் வாங்கச் சொன்னதே நான்தான், பசுபதி. சந்தேகமா இருந்தா என் பொண்ணைக் கேளுங்கோ."