ஷைனா வீட்டு மீன்கறி

ஹெட்மாஸ்டர் அறை பூட்டியிருந்தது. விஜயதாஸ் சார் நெய்யாற்றின்கரைக்குப் போயிருக்கிறார், மதியத்துக்குள் வந்துவிடுவார் என்றார்கள்.

நான் மகள் ஷைனாவின் டி.சி. வாங்க வந்திருந்தேன்.

மஞ்சள்காமாலையில் என் மனைவி ஸ்டெல்லா போனபின் வீட்டில் மகளும் நானும்தான். ஸ்டெல்லாவின் அக்கா ப்ளோரன்ஸ் பொழியூரில் இருக்கிறாள். குழந்தையைத் தன்னோடு வைத்துப் படிக்கவைக்கிறேன் என்று ஓணத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தாள்.

"பெண்பிள்ளையாக்கும், ஆன்டோ. நீ காலேஜில கிளாஸ் எடுத்துட்டு வந்து இவளுக்கு என்னத்த வச்சுக் குடுப்ப?" என்றாள் நேற்று.

அவள் சொன்னதில் தப்பில்லை. தனுவச்சபுரத்தில் ஒரு பாரலல் காலேஜில், தனியார் டுட்டோரியல்தான், எகனாமிக்ஸ் எடுக்கிறேன். அங்கே மணி அடிக்கும், எழுந்து பேசுவேன். வீட்டில் மணி கிடையாது.

சரி என்றுவிட்டேன்.

வராந்தாவில் நின்றால் இரண்டாம் வகுப்பு முழுதும் தெரியும்.

அந்த வருடம்தான் புதிய பாடத்திட்டம் வந்திருந்தது. பிள்ளைகள் தங்கள் வீட்டுக் காரியங்களைச் சொல்வார்கள். டீச்சர் அதைப் போர்டில் எழுதுவார். அதைப் பார்த்தே எழுதவும் வாசிக்கவும் படிக்க வேண்டும். வெறும் ஆட்டமும் பாட்டும்தான், படிப்பு இல்லை என்று பெற்றோர் கூட்டத்தில் ஒரே சத்தம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

அன்று போர்டில் 'எங்கள் வீட்டு மீன்கறி' என்று தலைப்பு இருந்தது.

சத்தியபாய் டீச்சர் சாக்பீஸுடன் காத்திருந்தார். எழுந்து நின்றது ஷைனா.

"தேங்காய மிக்ஸியில அடிக்கணும். கறண்டு போனா அப்படியே போடணும்."

டீச்சர் எழுதினார். சிரிக்கவில்லை.

"அம்மை வச்ச கறியா மக்கா?" என்று மட்டும் கேட்டார்.

"அது வேற டீச்சர். இது இப்பம் உள்ளது."

பிறகு தொடர்ந்தாள்.

"உப்பு போடணும். பெறவு போட்டமா இல்லையான்னு மறந்துபோவும். ஒருக்கா கூடப் போடணும்."

அதையும் எழுதினார்.

"கரண்டி வச்சு நல்லாக் கிண்டணும்."

வகுப்பே கத்தியது. பாதிப் பேர் கடற்கரைப் பிள்ளைகள். மீன் போட்ட சட்டியில் கரண்டி விடக்கூடாது, சட்டியைப் பிடித்துச் சுழற்றத்தான் வேண்டும் என்பது அவர்கள் வீட்டில் கைக்குழந்தைக்கும் தெரியும். எனக்குத் தெரியாது.

"ஏட்டி, மீன் உடைஞ்சு போவுமே! அது கறியா, கஞ்சியா?" என்றான் முன்பெஞ்சில் இருந்த ஜினோ.

ஷைனா அசரவில்லை. "உடையணும். அப்பந்தான் முள்ளு எடுக்க எளுப்பம்."

நான் சுவரோடு ஒதுங்கி நின்றேன்.

என் தவறுகள் ஒவ்வொன்றாக, வரிசை எண்ணோடு, அழகான கையெழுத்தில் போர்டில் ஏறிக்கொண்டிருந்தன. அவள் குறை சொல்லவில்லை. கறி வைக்கும் முறையாகச் சொன்னாள். டீச்சரும் ஒரு வரியைக்கூடத் திருத்தவில்லை.

"அடுப்பில வச்சுட்டு பின்வாசல்ல போய் இருக்கணும். கரிஞ்ச மணம் வந்தா ஓடி வரணும்."

பிள்ளைகள் சிரித்தார்கள். ஷைனாவும் சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது.

ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. விஜயதாஸ் சார். சாவியை எடுத்தபடியே என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு அறையைத் திறந்து உள்ளே போனார். நான் பின்னால் நடந்தேன்.

"கறி ஆச்சா மக்கா?" டீச்சரின் குரல்.

"இல்ல டீச்சர். இனி ஒண்ணு உண்டு."

நின்றுவிட்டேன்.

"சோறு விளம்பி வச்சுட்டு, போய் அப்பாவக் கையப் பிடிச்சு எழுப்பிக் கூட்டிட்டு வரணும். கூப்பிட்டாக் கேக்காது. இழுக்கணும்."

யாரும் சிரிக்கவில்லை.

டீச்சர் போர்டுப் பக்கம் திரும்பினார். பிறகு அதற்கும் ஒரு எண் போட்டார். எழுதினார்.

"எங்க அப்பாவையும் இழுக்கணுமா டீச்சர்?" என்றான் ஜினோ.

"உங்க வீட்டுக் கறிக்கு வேண்டாம்டே. ஆனா எழுது. எல்லாரும் எழுதணும்."

வகுப்பு முழுவதும் குனிந்து எழுதத் தொடங்கியது.

தினமும் அந்தச் சின்னக் கை வந்து என் கையைப் பிடிக்கும். தனியாகச் சாப்பிடப் பயம் போலிருக்கிறது என்றுதான் இத்தனை நாளும் எழுந்து போயிருக்கிறேன்.

உள்ளிருந்து சார் என்ன காரியம் என்று கேட்டார்.

சத்தியபாய் டீச்சருக்கு நன்றி சொல்ல வந்தேன் என்றேன்.