திட்டு தாங்கும் மைக்

"இது கண்டென்சர் மைக் சார். மூச்சு விடுறதுகூடக் கேக்கும்" என்றார் கடைக்காரர்.

"அது வேண்டாங்க. கத்துனாலும் தாங்கணும்."

"அப்போ இந்த டைனமிக்தான். பக்கத்துல டிரம் அடிச்சாலும் பிசிறடிக்காது. வீட்ல யாரு பாடுறாங்க?"

"பாட்டெல்லாம் இல்ல. என் பொண்டாட்டி திட்டுறதைப் பதிவு பண்ணணும்."

கடைக்காரர் குனிந்து கிசுகிசுத்தார். "கோர்ட்ல கேஸா சார்?"

"சேச்சே! வெள்ளிக்கிழமை அவளுக்குத் தொண்டையில ஆபரேஷன். அதுக்கப்புறம் குரலே வராதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு."

கடைக்காரர் விலைகூடச் சொல்லாமல் மைக்கை எடுத்துப் பெட்டியில் வைத்தார்.

வாசலில் ஸ்கூட்டர் பக்கத்திலிருந்து கரகரத்த பெண்குரல் ஒன்று சீறியது.

"ஒரு மைக் வாங்க இவ்வளவு நேரமா? சீக்கிரம் வாங்க! திட்ட வேண்டியது இன்னும் எவ்வளவோ பாக்கி கிடக்கு!"