பன்னிரண்டு நாள் பச்சை

கையெழுத்துப் போட வேண்டிய காகிதம் அவளிடம் வந்து நின்றது.

மூன்று பேர் போட்டுவிட்டார்கள். கால்பந்து கிளப்பின் இயக்குநர், உடற்தகுதிப் பயிற்சியாளர், அவருடைய உதவியாளன் கிரிதர். நான்காவது இடம் பிசியோதெரபிஸ்டான அவளுக்கு.

'வீரரின் கவனக்குறைவே காயத்துக்குக் காரணம்.'

ஒரே வரி. அந்த ஒரு வரிக்காக ஒன்றரை மணி நேரம் பேசியிருந்தார்கள்.

இந்த சீசனில் அணிக்கு இது ஏழாவது காயம். ஏழும் தொடையின் பின்தசையில். முதல் இரண்டுக்கும் மைதானத்தின் மேல் பழி போட்டார் பயிற்சியாளர். பிறகு மழை. பிறகு பூட்ஸ். ஒருமுறை ஹோட்டல் மெத்தை. மெத்தையைக்கூட விட்டுவைக்காதவருக்குத் தன் பெயர் மட்டும் ஞாபகம் வரவில்லை.

இன்று பரோட்டா.

"பையனால வாயைக் கட்ட முடியல சார். டயட் சார்ட் குடுத்தா பரோட்டா தின்னுட்டு வர்றான். நாங்க என்ன பண்றது?"

இயக்குநர் தலையாட்டினார். அவர் எதற்கும் தலையாட்டுவார்.

பையன் என்றது அஜினை. தூத்தூர்க்காரன். இருபத்திரண்டு வயது. இடது ஓரத்தில் ஓடுகிறவன். இப்போது கீழே, மாடிப்படியின் அடியில், ஊன்றுகோல்களைச் சுவரில் சாய்த்துவிட்டு உட்கார்ந்திருக்கிறான். விசாரணைக்கு அவனைக் கூப்பிடவில்லை. இந்தக் கிளப்பில் கால் யாருடையதோ அவனைக் கேட்கிற வழக்கம் இல்லை.

அவள் கையெழுத்துப் போட்டால் அவனுடைய ஒப்பந்தம் இன்றோடு முடிந்துவிடும். கவனக்குறைவு என்று எழுதிவிட்டால் அறுவை சிகிச்சைச் செலவும் அவன் பாடு.

"எங்க பக்கம் எல்லாம் க்ளியர் சார்" என்று பயிற்சியாளர் சுவரைக் காட்டினார்.

மடிக்கணினியிலிருந்து சுவரில் விழுந்த படத்தில் பன்னிரண்டு பச்சைக் கட்டங்கள்.

காயத்திலிருந்து திரும்புகிறவனை அளவாகத்தான் ஓடவிட வேண்டும். பனியனின் முதுகில் தீப்பெட்டி அளவில் ஒரு கருவி இருக்கும். எங்கே ஓடினான், எவ்வளவு ஓடினான் என்று அது சொல்லும். அளவோடு ஓடினால் அன்றைய கட்டம் பச்சை. மிஞ்சினால் சிவப்பு. ஒவ்வொரு நாள் பக்கத்தின் அடியிலும் பிசியோ பார்த்துக் கையெழுத்திட வேண்டும்.

பழைய காயத்திலிருந்து திரும்பிய அஜினுக்குப் பன்னிரண்டு நாளும் பச்சை. பதின்மூன்றாம் நாள், ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில், பந்து பக்கத்திலேயே இல்லாதபோது, அஜின் தொடையைப் பிடித்துக்கொண்டு விழுந்தான்.

கிரிதர் பேப்பர் கப்பிலிருந்து டீயை உறிஞ்சினான். வெளிநாட்டுச் சான்றிதழ் மூன்று வைத்திருப்பவன். டீயைச் சத்தமில்லாமல் குடிக்க அவற்றில் எதுவும் கற்றுத்தரவில்லை.

அவள் பேனாவை மூடினாள். மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்தாள்.

முதல் நாளின் பச்சையை அழுத்தினாள்.

கட்டத்துக்குள் ஒரு வரைபடம் உண்டு. யாரும் திறப்பதில்லை. பச்சை என்றால் பச்சை. அவளும் இன்று காலையில்தான் முதல்முறையாகத் திறந்தாள், தன் தலையைக் காப்பாற்றிக்கொள்ள ஏதாவது கிடைக்குமா என்று.

சுவரில் மைதானம் விரிந்தது. அதன்மேல் அஜின் போன வழி, ஒரு நீலக் கோடாக.

கோடு மைதானத்தின் ஓரமாக மெதுவாக இரண்டு சுற்று வந்தது. கேட்டைத் தாண்டியது. சாலையைக் கடந்தது. ஓர் இடத்தில் பதினொரு நிமிடம் நின்றது.

"சார், பயிற்சி நேரத்துல அஜின் எதுக்கு ரோட்டைத் தாண்டி டீக்கடைக்குப் போனான்?"

கிரிதர் கப்பைக் கீழே வைத்தான்.

பயிற்சியாளருக்கு ஞாயிற்றுக்கிழமைக்கு அஜின் வேண்டும். அதனால் முழு வேகத்தில் ஓடவைத்தார். ஓடினால் சிவப்பு விழும். கருவி கிரிதரின் சட்டைப்பைக்குப் போனது. அஜினிடம் சார்ஜில் இருக்கிறது என்றார்கள். நம்பினான். அவன் மைதானத்தில் வெந்துகொண்டிருந்தான். அவன் பெயரில் இவன் டீ குடித்துக்கொண்டிருந்தான்.

டீக்கடைக்குப் போகும்போதாவது கருவியைப் பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்துவிட்டுப் போகத் தெரியவில்லை. அயோக்கியத்தனத்தைக்கூட ஒழுங்காகச் செய்யத் தெரியாத ஜென்மங்கள்.

இயக்குநர் முதல்முறையாகத் தலையாட்டவில்லை. மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சுவருக்கு அருகில் போனார். பக்கத்தின் அடியில் எதையோ படித்தார்.

"'பார்த்தேன், சரி'ன்னு போட்டிருக்கு. இது உங்க கையெழுத்துதானேம்மா?"

பயிற்சியாளரின் முகத்தில் ரத்தம் திரும்பியது.

ஒன்பதாம் நாள் அஜின் அவளுடைய அறை வாசலில் நின்றான். "அக்கா, பின்னால சுருக்குன்னு இழுக்குது" என்றான். அவள் அவன் காலைத் தொட்டுப் பார்க்கவில்லை. திரையைப் பார்த்தாள். பச்சையாத்தான் இருக்கு, பயப்படாத என்றாள். அவன் சரி அக்கா என்று பூட்ஸ் கயிற்றை இறுக்கிக்கொண்டு போனான்.

இந்த அறையில் இருக்கும் அயோக்கியர்களை இதுவரை மூன்று பேர் என்று எண்ணியிருந்தாள்.

இயக்குநர் வந்து உட்கார்ந்தார். காகிதத்தை அவள் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தினார். குரல் மிகவும் கனிந்திருந்தது.

"போட்டுடுங்கம்மா. எல்லாருக்கும் நல்லது."

கீழே ஓர் ஊன்றுகோல் சரிந்து விழும் சத்தம் கேட்டது. குனிந்து அதை எடுக்க அவனுக்கு நேரம் பிடிக்கும்.

அவள் காகிதத்தைத் தொடாமல் ஒன்பதாம் நாளைத் திறந்தாள்.

பக்கத்தின் அடிக்குப் போய், தன் கையெழுத்து சுவர் முழுக்கத் தெரியும்படி பெரிதாக்கினாள்.